ஒரே ஒரு 1, அணி முழுக்க 1: அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிப்பது

கணக்கு சின்னதுதான். 0, 1 இரண்டு மட்டுமே உள்ள ஓர் அணியை (மேட்ரிக்ஸ், அதாவது கட்டம் கட்டமாக அடுக்கிய எண்கள்) கொடுப்பார்கள். எந்தக் கட்டத்தில் 1 இருக்கிறதோ, அந்தக் கட்டம் இருக்கும் நிரை (கிடை வரிசை) முழுவதும் 1 ஆக வேண்டும், நிரல் (செங்குத்து வரிசை) முழுவதும் 1 ஆக வேண்டும். மாற்றிய அணியை அச்சிட்டால் வேலை முடிந்தது. இதையே 0-வை வைத்துக் கேட்பதும் உண்டு: 0 இருக்கும் நிரையும் நிரலும் 0 ஆக வேண்டும் என்று. எண்தான் மாறுகிறது, வரும் பிழைகள் அதேதான்.

கோடிங் பழகத் தொடங்குபவர்களுக்கு இந்தக் கணக்கை விரும்பிக் கொடுப்பேன். கேள்வி படித்தவுடன் புரிந்துவிடும். ஆனால் முதலில் தோன்றும் வழி தப்பாகப் போகும். ஏன் தப்பானது என்று தேடும்போது கிடைப்பது வேறு நூறு கணக்குக்கு உதவும். விடையை அப்படியே எழுதிக் கொடுத்தால் அந்தத் தேடல் போய்விடும். அதனால் உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அதிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் அவுட்புட்டோடு ஒத்துப்போகும் தலைப்புக்கு நேராகப் போங்கள். எதுவுமே ஒத்துவரவில்லை என்றால், கீழே "எங்கே தப்பு என்றே தெரியவில்லை" என்ற பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

அதற்கு முன் ஒரு சொல் விளக்கம். பள்ளிக் கணிதத்தில் கிடையாகப் போவது நிரை, செங்குத்தாக இறங்குவது நிரல். கணினித் தமிழிலோ ப்ரோகிராமுக்கும் நிரல் என்றே பெயர். குழப்பம் வேண்டாம்: இங்கே நிரல் என்றால் செங்குத்து வரிசை மட்டும். நீங்கள் எழுதுவதை ப்ரோகிராம் என்றே சொல்கிறேன். எண்ணுவது 0-விலிருந்து. [1][2] என்றால் 1-ஆம் நிரையும் 2-ஆம் நிரலும் சந்திக்கும் கட்டம்.

கடைசிவரை கையில் வைத்துக்கொள்ள ஓர் எடுத்துக்காட்டு:

0 0 0 0
0 1 0 0
0 0 0 0

இதற்குச் சரியான விடை:

0 1 0 0
1 1 1 1
0 1 0 0

## அறிகுறி: 1 தேவைக்கு மேல் பரவிவிட்டது

பெரும்பாலானவர்கள் இங்கேதான் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள். மேலே உள்ள எடுத்துக்காட்டுக்கு உங்கள் ப்ரோகிராம் இப்படிக் காட்டுகிறதா?

0 1 1 1
1 1 1 1
1 1 1 1

அப்படியானால் நீங்கள் எழுதியது அநேகமாக இதுதான்: அணியை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு போவது, 1 கிடைத்தால் அங்கேயே நின்று அந்த நிரையையும் நிரலையும் 1 ஆக்குவது, பிறகு அடுத்த கட்டத்துக்கு நகர்வது.

பேப்பரில் போட்டுப் பாருங்கள். 0-ஆம் நிரையில் ஒன்றும் இல்லை. 1-ஆம் நிரையில் [1][1]-க்கு வந்ததும் 1 கிடைக்கிறது. 1-ஆம் நிரையும் 1-ஆம் நிரலும் 1 ஆகின்றன. இதுவரை சரி, விடையே வந்துவிட்டது. ஆனால் லூப் நிற்கவில்லை. அடுத்து [1][2]. கேள்வியில் அங்கே 0 இருந்தது, இப்போது 1 இருக்கிறது. நாம் போட்ட 1. ப்ரோகிராமுக்கு அது தெரியாது. "இங்கேயும் 1 இருக்கிறதே" என்று 2-ஆம் நிரல் முழுவதையும் 1 ஆக்குகிறது. [1][3] வந்ததும் 3-ஆம் நிரலும் போயிற்று. கீழே இறங்கினால் [2][1]-ல் இன்னொரு 1, அதுவும் நாம் போட்டதுதான். 2-ஆம் நிரையும் நிரம்பிவிட்டது. [0][0] மட்டும் தப்பித்தது. அதன் நிரையிலும் நிரலிலும் 1-கள் வந்து சேர்ந்தது உண்மைதான், ஆனால் அவற்றைப் பார்த்து எழுத வேண்டிய இடங்களை லூப் அதற்குள் தாண்டிவிட்டது.

இந்தக் கசிவுக்கு ஒரு திசை உண்டு, கவனித்தீர்களா? படிக்கும் திசையிலேயே அது பரவும். நடுவில் ஒரே ஒரு 1 உள்ள அணியைக் கொடுத்து, விடையில் இடது மேல் மூலை 0-வாகவும் வலது கீழ்ப் பக்கம் முழுக்க 1-ஆகவும் வந்தால், சந்தேகமே வேண்டாம், இந்தப் பிழைதான்.

பிழை தேடும்போது எப்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: இந்த 1 கேள்வியில் வந்ததா, நான் போட்டதா? ஒரு கட்டத்தைப் படிக்கும் நேரத்தில் இதற்கு ப்ரோகிராமால் பதில் சொல்ல முடியவில்லை என்றால் அங்கேதான் ஓட்டை. கீழே வரும் பாதிப் பிழைகள் இதே ஓட்டையின் வேறு வேறு முகங்கள்தான்.

தீர்வு: முதலில் முழுக்கப் படியுங்கள், அப்புறம் எழுதுங்கள். படிக்கும்போது அணியைத் தொட வேண்டாம், எந்த நிரை, எந்த நிரல் என்று மட்டும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ம என்பது நிரைகளின் எண்ணிக்கை, ந என்பது நிரல்களின் எண்ணிக்கை, நி என்பது நிரையின் எண், ப என்பது நிரலின் எண் என்றால்:

நிரைக்குறி = [0] * ம
நிரல்குறி = [0] * ந

ஒவ்வொரு நி, ஒவ்வொரு ப:
    அணி[நி][ப] == 1 என்றால்
        நிரைக்குறி[நி] = 1
        நிரல்குறி[ப] = 1

ஒவ்வொரு நி, ஒவ்வொரு ப:
    நிரைக்குறி[நி] == 1 அல்லது நிரல்குறி[ப] == 1 என்றால்
        அணி[நி][ப] = 1

இரண்டு லூப்பையும் ஒன்றாக்கிச் சுருக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். முதல் லூப் முழுக்க முடிந்த பிறகே இரண்டாவது தொடங்க வேண்டும், தீர்வே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

"ஆனால் சாம்பிள் டெஸ்டில் சரியாக வந்ததே" என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2×2 அளவில் மொத்தம் 16 அணிகள்தான் இருக்க முடியும். கசியும் ப்ரோகிராமை 16-க்கும் கையால் ஓட்டிப் பாருங்கள்: 13-க்குச் சரியான விடை வரும்! தப்பாவது மூன்று மட்டும்: ஒரே ஒரு 1 இருந்து, அது வலது கீழ் மூலையில் இல்லாத மூன்று அணிகள். அந்த மூலையில் இருந்தால் மட்டும் ஏன் தப்பிக்கிறது? லூப் கடைசியாகப் பார்க்கும் கட்டம் அது, அதற்குப் பிறகு படிக்க எதுவும் மிச்சமில்லை. இரண்டு 1 இருந்துவிட்டால் 2×2-ல் சரியான விடையே முழுக்க 1 தான், அதனால் கசிவு வெளியே தெரியாது. சின்ன சாம்பிள் சரியாக வந்ததை நம்பி மணிக்கணக்கில் வேறெங்கோ தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகவே இந்த 13-ஐ எண்ணி எழுதினேன்.

## அறிகுறி: இப்போது 1 குறைகிறது, அல்லது விடையில் 2 தெரிகிறது

கசிவைப் புரிந்துகொண்ட சிலர் நல்ல யோசனை ஒன்று செய்வார்கள்: நான் போடுவதை 1 என்று போடாமல் 2 என்று போட்டால், கேள்வியில் வந்த 1 வேறு, நான் போட்டது வேறு என்று தெரியுமே? கடைசியில் எல்லா 2-ஐயும் 1 ஆக்கிவிடலாம். யோசனை சரிதான். ஆனால் செய்யும்போது ஓர் இடத்தில் கால் வழுக்கும்.

0-ஆம் நிரை 1 0 1 என்று இருக்கிறது, மற்ற இரண்டு நிரைகளும் 0 என்று வையுங்கள். [0][0]-ல் 1 கிடைத்ததும் நிரை முழுவதும் 2 போடுகிறீர்கள். [0][2]-ல் இருந்த உண்மையான 1-ம் 2 ஆகிவிட்டது. லூப் அங்கே போகும்போது 1 இல்லை, அதனால் 2-ஆம் நிரல் நிரம்பவே இல்லை. முதலில் அதிகமாகப் பரவியது, இப்போது வர வேண்டியது வரவில்லை.

0 இருக்கும் கட்டத்தில் மட்டும் 2 போடுங்கள். 1 இருந்தால் தொடாதீர்கள். அவ்வளவு போதும்.

அவுட்புட்டில் 2 அப்படியே நின்றால், கடைசிச் சுற்று சில கட்டங்களைத் தாண்டியிருக்கிறது. லூப்பின் எல்லைகளைப் பாருங்கள்.

## அறிகுறி: எல்லாம் 0 கொடுத்தாலும் எல்லாம் 1 வருகிறது, அல்லது எதுவுமே மாறவில்லை

இரண்டும் எதிரெதிராகத் தெரியும், காரணம் ஒன்றுதான். நீங்கள் படித்தது எண் இல்லை, எழுத்து.

பைத்தானில் இன்புட்டை வாங்கி ஸ்ப்ளிட் செய்தால் கிடைப்பவை '0', '1' என்ற எழுத்துகள். '1' == 1 என்று கேட்டால் ஃபால்ஸ்தான் வரும். எந்தக் கட்டமும் பொருந்தாது, அணி வந்தபடியே வெளியே போகும். மாறாக, ஒப்பிடாமல் "இந்தக் கட்டம் உண்மையா" என்று மட்டும் கேட்டிருந்தால், '0' கூட ட்ரூ ஆகிவிடும், ஏனென்றால் அது காலியில்லாத ஸ்ட்ரிங். சி பிளஸ் பிளஸ்ஸில் கேரக்டராகப் படித்தாலும் இதே தொல்லை: '0' என்ற எழுத்தின் ஆஸ்கி எண் 48, '1'-ன் எண் 49. இரண்டும் சுழி இல்லை, எனவே இரண்டுமே உண்மை.

படிக்கும்போதே எண்ணாக மாற்றிவிடுங்கள். படித்து முடித்ததும் அணியை ஒருமுறை அப்படியே அச்சிட்டுப் பாருங்கள். பைத்தானில் மேற்கோள் குறிகளோடு வந்தால் எழுத்து, இல்லாமல் வந்தால் எண்.

இன்னொரு வகையும் உண்டு. சில கணக்குகளில் இடைவெளி இல்லாமல் 0100 என்று ஒரு நிரையைக் கொடுப்பார்கள். அதை எண்ணாகப் படித்தால் 100 என்ற ஒரே எண் ஆகிவிடும். சி பிளஸ் பிளஸ்ஸில் ம × ந எண்கள் படிக்கச் சொல்லியிருந்தால், ப்ரோகிராம் இன்னும் இன்புட் வேண்டும் என்று கர்சரைக் காட்டிக்கொண்டு நிற்கும். தொங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள், அது காத்திருக்கிறது. வரியை ஸ்ட்ரிங்காக வாங்கி ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து எண்ணாக்க வேண்டும்.

## அறிகுறி: ஒரு நிரையை மாற்றினால் எல்லா நிரையும் மாறுகிறது

விடைக்குத் தனி அணி வைத்திருக்கிறீர்கள், பழைய அணியைத் தொடவே இல்லை. இருந்தும் அவுட்புட்டில் எல்லா நிரைகளும் ஒரே அச்சு. பைத்தானில் எழுதியிருந்தால் விடை அணியை உருவாக்கிய வரியைப் பாருங்கள். இப்படி இருக்கிறதா?

[[0] * 4] * 3

பார்க்க அழகாக இருக்கும். அச்சிட்டாலும் 3×4 அளவில் சுழிகள் சரியாகத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது மூன்று நிரைகள் இல்லை. ஒரே நிரை, அதற்கு மூன்று பெயர்கள். விடை[1][1] = 1 என்று ஒரே ஒரு கட்டத்தை மாற்றி அச்சிடுங்கள்:

0 1 0 0
0 1 0 0
0 1 0 0

நான் பழகத் தொடங்கிய காலத்தில் இதில் ஒரு முழு மாலையை விட்டிருக்கிறேன். லூப்பில் தப்பு, இன்டெக்ஸில் தப்பு என்று எங்கெங்கோ தேடினேன். அணி பிறந்த வரியைச் சந்தேகப்படவே தோன்றவில்லை. அதனால்தான் இதைத் தனியே எடுத்துச் சொல்கிறேன்: விசித்திரமாக ஏதாவது நடந்தால், பயன்படுத்தும் இடத்தைப் பார்ப்பதற்கு முன் உருவாக்கிய இடத்தைப் பாருங்கள்.

உள்ளே இருக்கும் [0] * 4 பிரச்சினை செய்வதில்லை. எண்ணை அங்கேயே மாற்ற முடியாது, அந்த இடத்தில் வேறு எண்ணைத்தான் வைக்கிறோம், பக்கத்துக் கட்டம் பாதிக்காது. வெளியே * 3 போடும்போது பைத்தான் லிஸ்ட்டைப் புதிதாக மூன்று செய்வதில்லை, அதே லிஸ்ட்டை மூன்று முறை சுட்டுகிறது. லூப் வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக [0] * 4 செய்து அப்பெண்ட் செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் புது லிஸ்ட் பிறக்கும்.

ஜாவாஸ்கிரிப்டில் ஃபில் என்பதற்குள் ஓர் அரேயைக் கொடுத்தாலும் இதே கதை. சி பிளஸ் பிளஸ்ஸில் வெக்டருக்குள் வெக்டர் வைத்து உருவாக்கினால் ஒவ்வொரு நிரைக்கும் தனிப் பிரதி கிடைக்கும், அங்கே இந்தத் தொல்லை இல்லை.

## அறிகுறி: காப்பி எடுத்தேன், இருந்தும் கசிகிறது

பைத்தானில் பழையது = அணி என்று ஒரு வரி எழுதி, பழையதைப் படித்து அணியில் எழுதுகிறீர்கள். அவுட்புட் மட்டும் கசிவுக்கானது. அந்த வரி காப்பி எடுக்கவில்லை. ஒரே அணிக்கு இரண்டாவது பெயர் வைத்தது, அவ்வளவுதான்.

அடுத்ததாக எல்லோரும் முயல்வது அணி[:]. இதுவும் பாதிக் கிணறுதான். வெளி லிஸ்ட் புதிது, உள்ளே இருக்கும் நிரைகள் பழையவையே. பழையது[0] = வேறு நிரை என்று மாற்றினால் அணி பாதிக்காது, பழையது[0][0] = 1 என்று மாற்றினால் பாதிக்கும். ஒரு தளம் உள்ளே போனதும் இரண்டும் ஒன்றுதான். ஒவ்வொரு நிரையையும் தனித்தனியே [:] போட்டுக் காப்பி எடுத்துப் புது லிஸ்ட்டில் சேர்க்க வேண்டும், அல்லது காப்பி மாட்யூலில் உள்ள டீப்காப்பியைப் பயன்படுத்தலாம். உண்மையில் காப்பி நடந்ததா என்று தெரிய, ஒரு கட்டத்தை மட்டும் மாற்றி இரண்டு அணிகளையும் அச்சிடுங்கள். அரை நிமிட வேலை.

## அறிகுறி: சதுர அணியில் சரி, செவ்வகத்தில் உடைகிறது

"இன்டெக்ஸ் அவுட் ஆஃப் ரேஞ்ச்" என்று வந்தால் அதிர்ஷ்டம், எங்கே என்று வரி எண்ணோடு சொல்லிவிடும். சி பிளஸ் பிளஸ்ஸில் அரே எல்லையைத் தாண்டினாலும் பல நேரம் சத்தமே வராது. குப்பை எண் வரும், அல்லது வேறு மாறி ஒன்று மாறிப்போகும்.

மூன்று இடங்களைப் பாருங்கள். நிரல் லூப் ந வரை போகாமல் ம வரை போகிறதா? நிரைக்குறியின் நீளமும் நிரல்குறியின் நீளமும் இடம் மாறிவிட்டனவா? அணி[நி][ப] என்று எழுத வேண்டிய இடங்களில் எல்லாம் அணி[ப][நி] என்று எழுதியிருக்கிறீர்களா? 3×3-ல் இவை மூன்றும் சத்தமில்லாமல் கடந்துபோகும். இதனால்தான் எடுத்துக்காட்டை 3×4-ஆக வைத்தேன்.

## அறிகுறி: முதல் நிரையும் முதல் நிரலும் மட்டும் தப்பு

கூடுதல் லிஸ்ட் எதுவும் வைக்காமல் செய் என்று கேட்கும்போது வருவது இது. அணியின் 0-ஆம் நிரையையே நிரல்குறியாகவும், 0-ஆம் நிரலையே நிரைக்குறியாகவும் பயன்படுத்தும் வழி. அழகான வழி, எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் நம் பழைய கேள்வி இங்கே முழு வேகத்தில் திரும்பி வரும்: 0-ஆம் நிரையில் இருக்கும் 1 கேள்வியில் வந்ததா, குறியாக நான் போட்டதா?

அதனால் வேலையின் வரிசை மாறவே கூடாது:

முதல் வேலை: 0-ஆம் நிரையில் 1 உண்டா, 0-ஆம் நிரலில் 1 உண்டா என்று பார்த்து இரண்டு தனி மாறிகளில் வைக்கவும்.
அடுத்து: [1][1]-லிருந்து மீதி அணியைப் படிக்கவும். 1 கிடைத்தால் அணி[நி][0] = 1, அணி[0][ப] = 1.
அடுத்து: மறுபடி [1][1]-லிருந்து, அணி[நி][0] அல்லது அணி[0][ப] 1 ஆக இருந்தால் அணி[நி][ப] = 1.
கடைசியாக: தனி மாறிகளைப் பார்த்து 0-ஆம் நிரையையும் 0-ஆம் நிரலையும் நிரப்பவும்.

எந்த வேலை இடம் மாறியது என்பதை அவுட்புட்டே சொல்லும். நம் எடுத்துக்காட்டுக்கு இப்படி வந்தால்:

1 1 1 1
1 1 1 1
1 1 0 0

முதல் வேலையை இரண்டாவதுக்குப் பிறகு செய்திருக்கிறீர்கள். [0][1]-லும் [1][0]-லும் நீங்களே போட்ட குறியைக் கேள்வியில் வந்த 1 என்று எண்ணி, 0-ஆம் நிரையையும் நிரலையும் நிரப்பிவிட்டது.

[0][0]-ல் மட்டும் 1 உள்ள அணிக்கு எல்லாமே 1 ஆகிவிட்டால், கடைசி வேலையை முன்னாலேயே செய்துவிட்டீர்கள். நிரை நிரம்பியதும் எல்லா நிரல்களுக்கும் குறி விழுந்துவிடுகிறது.

இன்னொன்று, மூலை. [0][0] ஒன்றுதான், ஆனால் அது 0-ஆம் நிரைக்கும் சொந்தம், 0-ஆம் நிரலுக்கும் சொந்தம். தனி மாறிகள் வைக்காமல் அந்த ஒரு கட்டத்தையே இரண்டுக்கும் குறியாக்கினால் என்ன ஆகும்? 0 0 1 என்ற நிரைக்குக் கீழே இரண்டு சுழி நிரைகள் உள்ள அணியைக் கொடுங்கள். வர வேண்டியது:

1 1 1
0 0 1
0 0 1

வருவது:

1 1 1
1 0 1
1 0 1

0-ஆம் நிரைக்காகப் போட்ட குறியை 0-ஆம் நிரலும் தனக்கென்று எடுத்துக்கொண்டது. அதனால்தான் இரண்டு மாறிகள்.

இந்த வழி முதல் முயற்சியிலேயே வரவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். இரண்டு லிஸ்ட் வைக்கும் வழியை முதலில் முழுக்கச் சரியாக்கிவிட்டு இதற்கு வாருங்கள். அப்போது ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான விடை கையில் இருக்கும்.

## அறிகுறி: முதல் டெஸ்ட் சரி, அடுத்ததிலிருந்து தப்பு

ஒரே இன்புட்டில் பல அணிகள் வரும் கணக்குகளில் மட்டும் இது நடக்கும். குறி லிஸ்ட்டுகளை டெஸ்ட் லூப்புக்கு வெளியே உருவாக்கியிருப்பீர்கள். போன அணியின் குறிகள் இந்த அணியிலும் வேலை செய்கின்றன. இரண்டாவது அணியில் அதிகமாக நிரம்பிய நிரல்கள், முதல் அணியில் 1 இருந்த நிரல்களாகவே இருக்கும். இரண்டு லிஸ்ட்டையும் லூப்புக்கு உள்ளே கொண்டு வாருங்கள்.

## அறிகுறி: விடை சரி, நேரம் போதவில்லை

காப்பி எடுத்துவிட்டு, காப்பியில் ஒவ்வொரு 1 கிடைக்கும்போதும் நிரை முழுவதையும் நிரல் முழுவதையும் நிரப்பினால் விடை சரியாகவே வரும். ஆனால் 1000×1000 அணி முழுக்க 1 என்று கொடுத்தால், 10 லட்சம் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் 2000 எழுத்து வேலை: 200 கோடி. குறி வைத்துச் செய்தால் அதே அணிக்கு 10 லட்சம் கட்டங்களை இரண்டு முறை பார்ப்பதோடு சரி, 20 லட்சம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். மொழியை மாற்றினாலும் கம்ப்யூட்டரை மாற்றினாலும் இந்த அளவு கிடைக்காது. ஒரே நிரையில் ஆயிரம் 1 இருந்தால் அந்த நிரையை ஆயிரம் முறை நிரப்புகிறோம், ஒரு முறை போதும். வீணாவது அங்கேதான்.

## அறிகுறி: கண்ணுக்குச் சரி, ஜட்ஜுக்குத் தப்பு

ஜட்ஜ் என்பது உங்கள் அவுட்புட்டைத் தானாகச் சரிபார்க்கும் ப்ரோகிராம், ஓர் எழுத்து மாறினாலும் தப்பு என்று சொல்லிவிடும். பைத்தானில் லிஸ்ட்டை அப்படியே அச்சிட்டால் அடைப்புக்குறியும் காற்புள்ளியும் சேர்ந்து வரும். எண்களை ஸ்ட்ரிங் ஆக்கி, ஜாயின் செய்து, நிரைக்கு ஒரு வரியாக அச்சிடுங்கள். 1, 0-க்குப் பதில் ட்ரூ, ஃபால்ஸ் என்று வந்தால், ஒப்பீட்டின் முடிவையே கட்டத்தில் வைத்துவிட்டீர்கள். இன்ட் என்று சுற்றிவிட்டால் போதும்.

## எங்கே தப்பு என்றே தெரியவில்லை

அப்போது ஊகிப்பதை நிறுத்திவிட்டு, தப்பாகும் மிகச் சின்ன அணியைத் தேடுங்கள். கையால் இல்லை, ப்ரோகிராமையே தேட விடுங்கள்.

முதலில் மெதுவான, ஆனால் சந்தேகமே இல்லாத ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். ஒவ்வொரு [நி][ப]-க்கும் கேள்வி அணியின் நி நிரையையும் ப நிரலையும் முழுக்கப் பார்க்கும், எங்காவது 1 இருந்தால் புது அணியில் 1, இல்லாவிட்டால் 0. கேள்வியில் சொன்னதை அப்படியே எழுதியதுதான் அது, தந்திரம் எதுவும் இல்லை. வேகம் இங்கே முக்கியமில்லை.

பிறகு சின்ன அணிகள் எல்லாவற்றையும் உருவாக்குங்கள். 2×2-ல் 16, 2×3-ல் 64, 3×2-ல் 64, 3×3-ல் 512. மொத்தம் 656 அணிகள். உருவாக்குவதும் எளிது: 3×3 என்றால் 0 முதல் 511 வரை ஒவ்வோர் எண்ணையும் எடுத்து, 2-ஆல் வகுத்து வகுத்து வரும் மீதிகளை ஒன்பது கட்டங்களிலும் வரிசையாக வையுங்கள். ஒவ்வோர் அணியையும் இரண்டு ஃபங்ஷனுக்கும் கொடுத்து ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாத முதல் அணியில் நின்று அதை அச்சிடச் சொல்லுங்கள். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். உங்கள் ப்ரோகிராம் அணியை அங்கேயே மாற்றும் வகை என்றால், அதற்கு உண்மையான காப்பியைக் கொடுங்கள், இல்லாவிட்டால் சோதனையே பொய் சொல்லும். 2×3, 3×2 இரண்டையும் விட்டுவிடாதீர்கள், நிரை-நிரல் குழப்பம் அங்கேதான் வெளியே வரும். 1×4, 4×1 அணிகளையும் சேர்த்தால் இன்னும் 32, ஓரங்களில் ஒளிந்திருக்கும் பிழைகளுக்கு.

கிடைத்த அணியைப் பேப்பரில் வரைந்து, உங்கள் ப்ரோகிராமை ஒவ்வொரு கட்டமாக நீங்களே ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை 1-ஐப் படிக்கும்போதும் அதே கேள்வி: வந்ததா, போட்டதா? ஆறு கட்டங்கள் உள்ள அணியில் பிழை எவ்வளவு நேரம் ஒளிந்திருக்க முடியும்?

## திருப்பிக் கேட்ட கணக்கு: "முடியாது" வர வேண்டிய இடத்தில் ஓர் அணி வருகிறது

இதே கணக்கைத் தலைகீழாகவும் கேட்பார்கள். மாற்றிய அணியைக் கொடுத்து, எந்த அணியிலிருந்து இது வந்திருக்கும், அல்லது வந்திருக்கவே முடியாதா என்று.

வழி நேரானது. மூல அணியில் ஒரு கட்டம் 1 என்றால், மாற்றிய அணியில் அதன் நிரையும் நிரலும் முழுக்க 1 ஆக இருந்தே தீர வேண்டும். எனவே அப்படி இரண்டும் முழுமையாக உள்ள கட்டங்களில் மட்டும் 1 வையுங்கள், மற்றதில் 0. கிடைத்த அணியை நாம் ஏற்கெனவே எழுதிய ஃபங்ஷனில் போட்டு முன்னோக்கி ஓட்டி, கொடுத்த அணியே வருகிறதா என்று ஒப்பிடுங்கள். வராவிட்டால் முடியாது.

பலர் கடைசி ஒப்பீட்டை விட்டுவிடுகிறார்கள். இந்த அணியைப் பாருங்கள்:

1 1
0 0

0-ஆம் நிரை முழுமை. ஆனால் முழுமையான நிரல் ஒன்றுகூட இல்லை. எங்கேயும் 1 வைக்க வழியில்லை, மூலம் எல்லாம் 0 ஆகிறது. அதை முன்னோக்கி ஓட்டினால் எல்லாம் 0 தான் வரும், கொடுத்தது வராது. "நிரையாவது நிரலாவது முழுமையாக இருந்தால் போதும்" என்று சரிபார்க்கும் ப்ரோகிராம் இதை முடியும் என்று சொல்லிவிடும்.

இதற்கும் 656 சோதனையை வைத்துக்கொள்ளலாம், இன்னும் எளிதாக. எத்தனைக்கு "முடியும்" என்று வர வேண்டும் என்பதை எண்ணியே சொல்லிவிடலாம். முழுக்க 1 ஆகும் நிரைகள் ஒன்றோ இரண்டோ, நிரல்களும் ஒன்றோ இரண்டோ என்று தேர்ந்தெடுக்கும் வழிகள் 3×3-ல் 6 × 6 = 36. அதோடு எல்லாம் 0 ஒன்று, எல்லாம் 1 ஒன்று. ஆக, 512 அணிகளில் 38-க்கு மட்டும் உங்கள் ப்ரோகிராம் முடியும் என்று சொல்ல வேண்டும். 2×3-ல் 64-க்கு 14, 2×2-ல் 16-க்கு 6. உங்கள் எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாக வந்தால், விட்டுப்போனது அந்த ஒப்பீடுதான்.